வீட்டு அச்சுப்பொறி மௌனம் சாதித்தால்

இயந்திரங்களுள் பல, தாம் பழுதுற்றதைத் தாமே அறிவித்துவிடும். மின்விசிறி கிறீச்சிடும், நீர் இறைக்கும் மோட்டார் சூடேறிக் கருகல் வாடை வீசும். அச்சுப்பொறியோ பெரும்பாலும் மௌனம் சாதிக்கிறது. கணிப்பொறியில் ஆணை கொடுத்தாகிவிட்டது. திரையிலும் குறையொன்றும் தெரியவில்லை. காகிதம் மட்டும் வெளிவரவில்லை. அம்மௌனத்தின் பொருளை உணராமல், நல்ல கார்ட்ரிட்ஜைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை வாங்குவோர் உளர். இயந்திரத்தையே மாற்றிவிடுவோரும் உளர். வீண் செலவின்றிக் குறையைக் கண்டறியும் முறை யாது என்பதை இங்கு ஆராய்வோம்.

பெங்களூருவின் கிழக்கெல்லையில் உள்ள வைட்ஃபீல்டை எடுத்துக்கொள்வோம். 1882-ஆம் ஆண்டில், மைசூர் மன்னர் சாமராஜேந்திர உடையார் அளித்த நிலத்தில், ஆங்கிலோ இந்தியர்களுக்கெனத் தோன்றிய சிற்றூர் அது. இன்று கணிப்பொறித் தொழிலின் பெரு நிலையமாக விளங்குகிறது. ஜோலார்பேட்டையையும் பெங்களூருவையும் 1864 முதல் இணைத்துவரும் இருப்புப்பாதை இவ்வூர் வழியாகவே செல்கிறது. அப்பாதையில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இங்கே பல. அவர்கள் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் பயில்கிறார்கள். தமிழ் எழுத்தை வீட்டில்தான் பயில வேண்டியிருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களும், தமிழ்நாட்டு அரசின் பாடநூல்களும் இணையத்தில் கிடைக்கின்றன என்பது உண்மையே. ஆயினும் திரையில் விரலால் தடவுவது வேறு. காகிதத்தில் பென்சிலால் எழுதிப் பழகுவது வேறு. ஆகவே அச்சுப்பொறி வாய் மூடினால், வாடகை ஒப்பந்தமும் பள்ளி விண்ணப்பமும் மட்டுமன்றி, அவ்வீட்டின் தமிழ் வகுப்பும் நின்றுபோகிறது. மும்பையிலும் தில்லியிலும் வாழும் நம்மவர் நிலையும் இதுவே.

ஓர் ஆணை திரையிலிருந்து காகிதத்தை அடைவதற்குள் ஐந்து நிலைகளைக் கடக்கிறது. முதலாவது, நாம் எழுதும் அல்லது படிக்கும் செயலி. இரண்டாவது, டிரைவர் எனப்படும் இயக்கி. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம், இதனை ஒரு மொழிபெயர்ப்பாளர் என்றே கூறுவோம். கணிப்பொறியின் மொழியை அச்சுப்பொறியின் மொழிக்கு மாற்றித் தருவது இதன் பணி. மூன்றாவது, அனுப்பிய வேலைகள் தம் முறைக்குக் காத்து நிற்கும் வரிசை. நான்காவது, கம்பி வழியாகவோ வைஃபை வழியாகவோ அமைந்த இணைப்பு. ஐந்தாவதே அச்சுப்பொறி. குறை இவ்வைந்தனுள் எங்கும் இருக்கலாம். கண்ணுக்குத் தெரிவது ஐந்தாவது மட்டுமே. அதனாலேயே பழி முழுவதும் அதன்மேல் விழுகிறது.

பாதையை இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. நகல் எடுக்கும் வசதியுள்ள அச்சுப்பொறியாயின், ஏதேனும் ஒரு தாளைக் கண்ணாடியின்மேல் வைத்து, பொறியிலுள்ள பொத்தானை அழுத்தி நகல் எடுத்துப் பாருங்கள். அவ்வசதி இல்லையெனில், கணிப்பொறியின் உதவியின்றிச் சோதனைப் பக்கம் அச்சிடும் வழி பொறியிலேயே அமைந்திருக்கும். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதைக் கையேடு கூறும். பக்கம் தெளிவாக வந்துவிட்டால் மை, காகிதம், உட்பொறி யாவும் நலம். அவற்றுக்காக ஒரு ரூபாயும் செலவிட வேண்டுவதில்லை. குறை முதல் நான்கு நிலைகளுள் இருக்கிறது. பக்கம் வரவில்லையெனில் கணிப்பொறியைத் தொட வேண்டா. பொறியையே ஆராய வேண்டும்.

பொறியின் குறைகளுள் முதன்மையானது மை உலர்வது. மைத்தெளிப்பு வகைப் பொறியின் முனையில் உள்ள துளைகள் மயிரிழையினும் நுண்ணியவை. கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊருக்குச் சென்று ஒரு திங்கள் கழித்துத் திரும்பும்போது, தொட்டியில் மை நிறைந்திருந்தும் எழுத்து விழாமற் போவது இதனாலேயே. பொறியில் உள்ள துப்புரவு முறையை ஓரிரு முறை இயக்கலாம். அப்போதும் சரியாகாவிடில் சில மணி நேரம் விட்டுவைத்து மீண்டும் முயல வேண்டும். விடாது பலமுறை துப்புரவு செய்தல் தவறு. ஒவ்வொரு முறையும் மை செலவாகிறது. அம்மை அடியிலுள்ள பஞ்சில் சேர்கிறது. பஞ்சு நிறைந்துவிட்டால் பல பொறிகள் அச்சிடவே மறுத்துவிடும். வாரம் ஒரு வண்ணப் பக்கம் அச்சிட்டு வருவதும், சுவரிலுள்ள சுவிட்சை அணைக்கும் முன் பொறியின் சொந்தப் பொத்தானால் அணைப்பதும் நல்ல தற்காப்பாகும். அவ்வாறு அணைத்தால்தான் முனை தன் இடத்திற்குச் சென்று மூடிக்குள் அடங்கும்.

மழைக்காலத்தில் காகிதம் ஈரம் ஏற்று ஒன்றோடொன்று ஒட்டும். ஆகவே மிச்சத் தாள்களைக் கட்டிலேயே மூடி வைத்தல் நலம். தாள் சிக்கிக்கொண்டால், மின்சாரத்தை நிறுத்தி, தாள் செல்லும் திசையிலேயே இரு கைகளாலும் மெல்ல இழுக்க வேண்டும். கிழிந்த துண்டு ஒன்று உள்ளே தங்கினாலும் பொறி இயங்காது. லேசர் வகையில், டோனர்ப் பொடியை உருக்கும் உருளை ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வரை சூடேறும். அது ஆறும்வரை கை வைத்தல் ஆகாது. அவ்வுருளை சூடேறும்போது மிகுந்த மின்சாரத்தை இழுப்பதால், லேசர் பொறியை வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்தலும் கூடாது.

பொறி நலமாக இருந்தும் அச்சு வரவில்லையெனில், திரையில் பெரும்பாலும் காணப்படும் சொல் 'ஆஃப்லைன்' என்பது. இதனைப் பொறி கெட்டுவிட்டது என்று பலர் பொருள் கொள்கிறார்கள். அதன் பொருள் அதுவன்று. பொறியின் குரல் கணிப்பொறிக்குக் கேட்கவில்லை என்பதே அதன் கருத்து. மின்வெட்டு நேர்ந்து மீளும் வீடுகளில் இது அடிக்கடி நிகழும். மின்சாரம் வந்ததும் ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் முகவரியைப் புதிதாக வழங்குகிறது; கணிப்பொறியோ அச்சுப்பொறியைப் பழைய முகவரியிலேயே தேடி நிற்கிறது. முதலில் ரவுட்டரை இயக்கி இரண்டு நிமிடம் பொறுத்து, பின்னர் அச்சுப்பொறியையும், இறுதியில் கணிப்பொறியையும் இயக்கினால் பெரும்பாலும் சீர்ப்படும். அடிக்கடி நேர்ந்தால், அச்சுப்பொறிக்கென நிலையான முகவரி ஒன்றை ரவுட்டரிலேயே ஒதுக்கிவிடலாம். வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றியிருந்தால் அச்சுப்பொறிக்கும் அதனைத் தெரிவிக்க வேண்டும். பல அச்சுப்பொறிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே அறியும். 5 கிகாஹெர்ட்ஸுக்குரிய பெயரோடு அவற்றை இணைக்க முயல்வது வீண். எவ்வழியும் பலிக்காதபோது யு.எஸ்.பி. கம்பியால் நேரே இணைத்துப் பார்த்தால், குறை இணைப்பில்தானா என்பது தெளிவாகிவிடும்.

இணைப்பு சரியெனில் வரிசையைப் பாருங்கள். ஆணை வேறொரு பொறிக்குச் சென்றிருக்கலாம். காகிதத்திற்குப் பதிலாகப் பி.டி.எஃப். கோப்பு உண்டாக்கும் தேர்வு பட்டியலில் முன் நின்றிருக்கலாம். வரிசை இடைநிறுத்தப்பட்டிருக்கலாம். பழுதுற்ற ஒரு வேலை முன்னே நின்று, பின்னுள்ள அனைத்தையும் தடுத்திருக்கலாம். குடிநீர்க் குழாயடியில் ஒருவர் குடத்தை வைத்துவிட்டுப் போய்விட்டால் வரிசை முழுவதும் நிற்பதில்லையா? அதுபோலத்தான். வேலைகளை நீக்கி, இரு கருவிகளையும் அணைத்து மீண்டும் இயக்குங்கள். விண்டோஸ் கணிப்பொறியில் அவ்வேலை அழிய மறுத்தால், 'சர்வீசஸ்' பகுதியில் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை நிறுத்தி, விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று அடுத்தடுத்துச் சென்று, அங்குள்ள கோப்புகளை மட்டும் நீக்கி, ஸ்பூலரை மீண்டும் தொடங்க வேண்டும்.

வரிசையிலும் குறையில்லையேல் எஞ்சுவது மொழிபெயர்ப்பாளராகிய இயக்கி. 2021 மார்ச்சில் விண்டோஸுக்கு வெளியான ஒரு திருத்தத்தால், சிலவகை அச்சுப்பொறிகளுக்கு ஆணை அனுப்பியவுடனே கணிப்பொறி நீலத்திரையுடன் நின்றது. சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மாற்றுத் திருத்தம் வெளியிட்டது. அங்கே அச்சுப்பொறிகள் குற்றமற்றவை. எனவே நேற்றுவரை இயங்கியது இன்று நின்றால், இடையில் கணிப்பொறியில் என்ன மாறியது என்று வினவுதல் வேண்டும். இயக்கியை நீக்கிவிட்டு, பொறியைச் செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து புதியதைப் பெற்று நிறுவுவதே தக்க மருந்து.

தமிழருக்கே உரிய குறை ஒன்றும் உண்டு. ஆங்கிலம் செவ்வனே அச்சாகும். தமிழ் மட்டும் கட்டங்களாகவோ பொருளற்ற குறிகளாகவோ வரும். பழைய எழுத்துருக்களில் எழுதிய கோப்பாயின், அதே எழுத்துரு நம் கணிப்பொறியிலும் இருந்தால்தான் தமிழ் தமிழாகத் தோன்றும். தமிழ் 1991-லேயே யூனிகோடில் இடம் பெற்றது. தமிழ்நாட்டு அரசு 2010-இல் அதனை ஏற்றது. யூனிகோடில் எழுதிப் பி.டி.எஃப். ஆக மாற்றி அச்சிடுதல் நலம். திரையில் சரியாகத் தோன்றியும் காகிதத்தில் சிதைந்தால், அடோபி ரீடரின் அச்சுப் பகுதியில் உள்ள 'படமாக அச்சிடு' என்னும் தேர்வு பெரும்பாலும் துணை செய்யும்.

இத்தனைக்கும் பின் உதவி தேட நேர்ந்தால் விழிப்பு வேண்டும். இணையத்தில் தேடிக் கிடைக்கும் 'வாடிக்கையாளர் சேவை' எண்களுள் மோசடிக்காரர் இட்டவையும் கலந்துள்ளன. நம் கணிப்பொறியைத் தொலைவிலிருந்து இயக்க ஒரு செயலியை நிறுவச் சொல்லி, வங்கிக் கணக்கையே துடைத்துவிடுவார்கள். கையேட்டிலோ நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ உள்ள எண்ணையே நம்புங்கள். ஏமாற நேர்ந்தால் தாமதியாது 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். அவசரத்திற்கு ஜெராக்ஸ் கடையை நாடுவோர், ஆதார் அட்டையாயின் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட படிவத்தையே அனுப்பி, வேலை முடிந்ததும் கடைக் கணிப்பொறியிலிருந்து அதனை நீக்கச் செய்தல் அறிவுடைமை.

சுருங்கக் கூறின், முதலில் நகல் சோதனை. பின்னர் இணைப்பு, வரிசை, இயக்கி, எழுத்துரு என்னும் முறை. இம்முறையில் சென்றால் பெரும்பாலான குறைகள் அரை மணி நேரத்தில் காசு செலவின்றித் தீரும். நகல் சோதனையிலேயே தோற்று, துப்புரவுக்கும் இணங்காத பொறியை மட்டும் பழுதுபார்ப்பவரிடம் எடுத்துச் செல்லுங்கள். அப்போதும், எதுவரை சோதித்தோம் என்பதை அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். குறை இருக்குமிடம் அறிந்தவரிடம் வேண்டாத உறுப்பை எவரும் எளிதில் விற்றுவிட முடியாது.