விகுருதி வருடத்தை எந்தக் கட்டத்தில் போடுவது?

அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் 1886இல் ஆல்காட் தொடங்கிய நூலகம் இருக்கிறது. பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம். இரண்டிலும் ஓலைச்சுவடிகள் உண்டு. கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பெரும்பாலும் அச்சுப் புத்தகங்கள்தான். மூன்றிலும் ஒரே நேரத்தில் தேடித் தரும் மென்பொருளை நீங்கள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். மூன்று டேட்டாபேஸுக்கும் மூன்று ஸ்கீமா. உங்களுக்காக யாரும் தங்கள் அட்டவணையை மாற்றப் போவதில்லை.

முதலில் கை போவது இஃப்-எல்ஸ் பக்கம்: அடையாறு என்றால் இந்தப் பத்தியைப் படி, பெசன்ட் நகர் என்றால் அந்தப் பத்தியை. வேலை நடக்கும். ஆனால் தரமணியிலிருந்து ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் சேர வந்தால், தேடல், திரை, அறிக்கை என்று எல்லாக் கோப்பையும் திறந்து திருத்த வேண்டும்.

அதனால் தேடும் பகுதிக்கு ஒரே ஒரு பொது வடிவம் மட்டும் தெரிந்தால் போதும் என்று வைத்துவிடுங்கள். ஒவ்வொரு நூலகத்துக்கும் ஓர் அடாப்டர், அதன் ஸ்கீமாவைப் பொது வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கும். காமாவும் மூன்று கூட்டாளிகளும் 1994இல் எழுதிய டிசைன் பேட்டர்ன்ஸ் புத்தகத்தில் இருக்கும் அதே அடாப்டர்தான்.

எல்லாவற்றுக்கும் தனி கிளாஸ் எழுத வேண்டியதில்லை. நூல் விவரங்களைப் பதியும் மார்க் 21 முறையில் தலைப்பு 245 என்ற எண்ணில் இருக்கும், இன்னொரு முறையான டப்ளின் கோரில் ‘டைட்டில்’ என்றே இருக்கும். பெயர் மட்டும்தான் வேறு என்கிற இடத்தில், இது அதற்குச் சமம் என்று சொல்லும் சின்ன மேப்பிங் பட்டியல் போதும்.

பொருளே வேறாகும் இடத்தில்தான் நிஜமான வேலை. ஒரு சுவடியின் கடைசியில் ‘விகுருதி வருடம் ஆவணி மாதம்’ எழுதி முடித்ததாகக் குறிப்பு இருக்கிறது. அறுபது வருடச் சுழற்சியில் விகுருதி 1830இலும் வந்தது, 1890இலும் வந்தது. தெற்குச் சீமைச் சுவடியில் கொல்லம் ஆண்டு இருக்கலாம். கொல்லம் 1000 என்றால் கி.பி. 1824-25. அதுவும் பிரதி எடுத்த காலம்தானே தவிர, நூல் பிறந்த காலம் அல்ல. ‘வருடம்’ என்று நாலு இலக்கத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தால், எந்த அடாப்டரும் ஒரு பொய்யைச் சொல்லித்தான் அதை நிரப்பும். நூலின் காலம், பிரதியின் காலம் இரண்டையும் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு, ஓலையில் உள்ளபடியே எழுத்து என மூன்று கட்டம் வையுங்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு, எல்லாவற்றையும் ஒரு ஜேசன் பத்தியில் கொட்டிவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். சேமிக்க அது சுலபம்தான். ‘1850க்கு முந்திய சுவடிகளைக் காட்டு’ என்று வாசகர் கேட்டதும், எழுதாமல் விட்ட மேப்பிங் முழுவதையும் தேடலுக்குள்ளேயே எழுத நேரும்.