விதை மறந்த புல்

நெல், கம்பு, கரும்பு, மூங்கில் ஆகியன புல்லினத்தைச் சேர்ந்தவை. அவ்வினத்தில் பிறந்தும் விதையீனும் ஆற்றலை இழந்தது கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். கறவை மாடுகளுக்குச் சிறந்த பசுந்தீவனமாகிய இக்கலப்பினம், இந்தியாவில் முதன்முதலாக 1953ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்டது. கம்பின் மென்மையும், ஆப்பிரிக்க நேப்பியர் புல்லின் மிகு விளைச்சலும் இதில் ஒன்றுகூடின.

கம்பின் உடற்செல்லில் 14 குரோமோசோம்களும் நேப்பியரில் 28 குரோமோசோம்களும் உள்ளன. இரண்டும் தத்தம் பாதியை வழங்குவதால் ஒட்டுப்புல் 21 குரோமோசோம்களைப் பெறுகிறது. இனச்செல்கள் தோன்றும் குன்றல் பகுப்பின்போது குரோமோசோம்கள் இணைசேர்ந்து சமமாகப் பிரிய வேண்டும். இங்கோ ஏழு இணைகள் அமைந்தபின், எஞ்சிய ஏழும் துணையின்றி ஒழுங்கற்றுப் பிரிகின்றன. ஆதலால் மகரந்தமும் சூலும் வளமற்றுப் போகின்றன. கதிர் வந்தும் மணி பிடிப்பதில்லை.

எனவே, உழவர்கள் இரு கணுக்கள் கொண்ட தண்டுக்கரணைகளை நட்டு இப்புல்லைப் பெருக்குகின்றனர். 75 முதல் 80 நாள்களில் முதல் அறுவடையும், பின்னர் 45 நாள்களுக்கு ஒருமுறை மறு அறுவடையும் கிடைக்கும். ஆயினும், விதையைப்போலக் கரணையைக் குதிரில் சேமிக்க இயலாது. கண்மாய் நீரை நம்பிய சிவகங்கைச் சீமையில் வறட்சியால் தூர்கள் காய்ந்துவிட்டால், மீண்டும் பயிரிட வேற்றிடக் கரணைகளையே நாட வேண்டும். ஒரு தூரிலிருந்து பெருகியவை யாவும் ஒரே மரபுடையவை. ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கக்கூடும்.

இக்குறைக்கு அறிவியல் ஒரு வழி கண்டுள்ளது. கால்சிசின் என்னும் வேதிப்பொருள் 21 குரோமோசோம்களை 42 ஆக இரட்டிக்கச் செய்கிறது. ஒவ்வொன்றுக்கும் இணை கிட்டுவதால், புல் விதையீனும் திறனை மீளப் பெறுகிறது. தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் அப்பொருள் அமைந்துள்ளது.