வழங்கிக் கணினியறையும் இடைவெளியும்

நெல்லுக்கிடையே நண்டும், கரும்புக்கிடையே ஏரும், வாழைக்கிடையே வண்டியும், தென்னைக்கிடையே தேரும் செல்லத்தக்க இடைவெளி வேண்டும் என்பது தமிழர் வேளாண்மை வழக்கு. பயிருக்குப் பயிர் இடைவெளி வேறுபடுதல் அவ்வப் பயிரின் தேவை நோக்கியதாகும். கணினிகளை ஓரறையில் நிரைப்படுத்துவோரும், அவற்றுக்கிடையே செல்லவேண்டுவது யாதென்பதையே முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

வங்கி, வைத்தியசாலை, பல்கலைக்கழகம் முதலியவற்றின் பதிவுகளைப் பேணி, வேண்டியபோது அளிக்கும் கணினிகள் வழங்கிகள் எனப்படும். இவை றாக்கு என்னும் உலோகச் சட்டகத்தில் ஒன்றன்மேலொன்றாகப் பொருத்தப்படுகின்றன. கருவியின் முகப்பு அகலம் 19 அங்குலம், உயரம் 1.75 அங்குலத்தை ஓர் அலகாகக் கொண்டு அளக்கப்படும். பெருவழக்கான றாக்கு 42 அலகுகள் கொண்டது. அஃது ஏறக்குறைய 2 மீற்றர் உயரமும், 0.6 மீற்றர் அகலமும், 1 முதல் 1.2 மீற்றர் வரை ஆழமும் உடையது.

வழங்கி நுகரும் மின்சத்தி ஏறத்தாழ முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே வெளிப்படும். 5 கிலோவாற்று வலுவை நுகரும் றாக்கு ஒன்று, 1 கிலோவாற்று மின்னடுப்புகள் ஐந்து இரவு பகலாக எரிதலை ஒக்கும். அதனூடு செல்லும் வளியின் வெப்பநிலை 12 பாகை உயருமாயின், அவ்வெப்பத்தை அகற்றச் செக்கனுக்கு ஏறத்தாழ 0.35 கன மீற்றர் வளி வேண்டும். ஆதலின் றாக்குகளுக்கிடையே முதன்மையாகச் செல்லவேண்டுவது வளியேயாம்.

பெரும்பாலான வழங்கிகள் முன்புறத்தால் குளிர்வளியை இழுத்துப் பின்புறத்தால் வெப்பவளியை விடுவன. வகுப்பறை மேசைகள்போல எல்லா நிரைகளும் ஒரே திசை நோக்கி நிற்பின், முன்னிரை கழித்த வெப்பவளியைப் பின்னிரை உட்கொள்ளும். இக்குறையை நீக்கும் முறையை ஐ. பி. எம். நிறுவனத்தைச் சேர்ந்த றொபேட் சலிவன் 1992 ஆம் ஆண்டளவில் வகுத்தார். அதன்படி நிரைகள் முகத்துக்கு முகமும் முதுகுக்கு முதுகுமாக நிறுத்தப்படும். முகங்களுக்கிடையே உள்ளது குளிர்வழி. முதுகுகளுக்கிடையே உள்ளது வெப்பவழி. குளிரூட்டியின் வளி முன்னதன்கண் வந்து, பின்னதிலிருந்து மீளும்.

உதாரணமாக, 1.1 மீற்றர் ஆழமுள்ள பத்து றாக்குகளை ஐந்தைந்தாக இரு நிரைகளில் அமைப்போம். நடுவே குளிர்வழிக்கு 1.2 மீற்றர், ஒவ்வொரு நிரையின் பின்னும் சுவர்வரை 1 மீற்றர், இவற்றோடு றாக்குகளின் ஆழம் 2.2 மீற்றரும் சேர அறையின் அகலம் 5.4 மீற்றராகும். நிரையின் நீளம் 3 மீற்றர்; இரு முனைகளிலும் 1 மீற்றர் வழிவிட அறையின் நீளம் 5 மீற்றராகும். அறையின் பரப்பு 27 சதுர மீற்றராயிருக்க, றாக்குகள் கொள்ளும் இடம் 6.6 சதுர மீற்றரே. அஃதாவது காற்பங்கினும் சற்றுக் குறைவு.

எஞ்சிய முக்காற்பங்கும் வீணென்று கருதி அங்கே மேலும் றாக்குகளை நிரப்புதல் பெரும் பிழையாகும். குளிரும் வெப்பமும் கலந்துவிடின் குளிரூட்டியைப் பெருப்பித்தும் முழுப்பயன் கிட்டாது. மேலும், வெப்பவளி நிரையின் முனைகளைச் சுற்றியும் தலைக்குமேலாகவும் முன்புறம் திரும்பும் இயல்பினது. அதனால் முதலில் வருந்துவன மேற்றட்டு வழங்கிகளே. றாக்கின் வெற்றலகுகளை மூடுதகடுகளால் அடைத்தல் இதனைத் தடுக்கும் எளிய வழி. அமெரிக்க வெப்பமூட்டல், குளிரூட்டல், வளிப்பதனப் பொறியியலாளர் சங்கம் விதந்துரைக்கும் வெப்பநிலை 18 முதல் 27 பாகை சதமளவை வரையாகும். இது வளி புகும் வாயிலில் அளக்கப்படவேண்டுவதேயன்றி அறையின் நடுவிலன்று.

வளியோடு மனிதனும் அங்குச் செல்லவேண்டியவன். பழுதுற்ற வழங்கியை முன்புறமாக வெளியே இழுத்தற்கும், பின்புறம் நின்று கம்பிகளை மாற்றுதற்கும் இடமில்லையேல், சிறு பழுதும் பெருந்தடையாகும். வெப்பம் எல்லை கடந்தவிடத்து வழங்கிகள் தம்மைக் காக்கத் தாமே நின்றுவிடும். அவ்வேளை வைத்தியசாலையில் நோயாளியின் பதிவேடு திறவாது. வங்கியில் பணம் பெற வந்தோர் வெறுங்கையோடு திரும்புவர். ஒரு றாக்கு மிகுதியாக வைத்ததால் வந்த இலாபம் இவ்விழப்பை ஈடுசெய்யாது. தென்னைக்கிடையே தேர் ஓட இடம்விட்டவன் நிலத்தை வீணாக்கினவனல்லன். றாக்குக்கிடையே வளி ஓடவும் ஆள் நடக்கவும் இடம்விடுபவனும் அத்தகையவனே.