வெறும் புகையிலைப் பேணியின் மறுபயன்: ஒரு பொருட்பண்பாட்டு நோக்கு

மனிதன் ஆக்கும் பொருள்கள் பெரும்பாலும் ஏதேனுமொரு பயனைக் கருதியே ஆக்கப்படுகின்றன. அப்பயன் தீர்ந்ததும் அவை கழிவெனப் பெயர் பெறுகின்றன. எனினும், கழிவெனப்பட்ட பொருளை மக்கள் மீண்டும் கையிலெடுத்து, அதனை ஆக்கியோர் எண்ணியும் பாராத வேறொரு தொழிலுக்கு உட்படுத்துதல் எங்கும் காணப்படும் வழக்கமாகும். இவ்வழக்கத்தைச் சிக்கனம் என்ற ஒரு சொல்லால் விளக்கிவிட்டு அப்பாற் செல்வோர் பலர். அவ்விளக்கம் போதாதென்பது நமது கருத்து. ஒரு பொருள் எத்தொழிலுக்கு மறுபடியும் உதவுமென்பதை அதனைப் பயன்படுத்துவோரின் தேவை மட்டுமன்றி, அப்பொருளின் வடிவமும் அளவும் மூலப்பொருளின் இயல்பும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. சுங்கான் புகையிலை அடைக்கப்பட்டு வந்த தகரப் பேணியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புகைத்தல் உடலுக்குக் கேடு விளைப்பதென்பது ஐயந்திரிபற நிறுவப்பட்ட உண்மை. அப்பழக்கத்தைப் போற்றுதல் நம் நோக்கமன்று. பழக்கம் அருகிய பின்னும் அதன் கலங்கள் எஞ்சியுள்ளன. அவற்றுக்கு மக்கள் அளித்த மறுவாழ்வே நம் ஆய்வுப் பொருள்.

பேணியின் அமைப்பும் இயல்பும்

சுங்கான் புகையிலை ஓரளவு ஈரப்பதத்துடன் இருத்தல் வேண்டும். காய்ந்துவிட்டால் அது நாவைச் சுடும்; ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே, காற்றும் ஈரமும் எளிதிற் புகாத மூடியுடைய கலம் அதற்கு வேண்டியதாயிற்று. ஒரு முறை சுங்கானில் இடுவதற்கு வேண்டிய புகையிலை சிறிதளவேயாதலால், அக்கலம் சட்டைப்பையில் அடங்குவதாகவும் இருக்க வேண்டியிருந்தது. இரண்டு அவுன்சு அல்லது 50 கிராம் கொள்ளும் தட்டையான பேணிகள் இவ்விரு தேவைகளினின்றும் பிறந்தவையே.

பேணி தகரத்தகட்டாலானது. தகரத்தகடென்பது வெள்ளீயப் பூச்சுடைய மெல்லிய உருக்குத் தகடாகும். உருக்கின் தடிப்பு மில்லிமீற்றரின் காற்பங்கு அளவினது. வெள்ளீயப் பூச்சோ மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்குகள் சிலவற்றை மிகாதது. உருக்கு வலிமையைத் தருகின்றது. வெள்ளீயம் துருவைத் தடுக்கின்றது. வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகுவதாலும், பற்றாசினை எளிதில் ஏற்பதாலும், இத்தகட்டை ஒட்டுவதும் திருத்துவதும் எளிது. 1875 இல் இங்கிலாந்தில் ரொபேட் பார்க்கிளே என்பவர் தகரத்தின்மீது படங்களை அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பின்னர் வண்ணப் படங்கள் பொறித்த பேணிகள் பெருகின. வெறுமையான பின்னும் எறிய மனம் வராத பொருளாகப் பேணி மாறியமைக்கு அவ்வழகும் ஒரு காரணமாகும்.

இறுகிய மூடி, பையில் அடங்கும் அளவு, மின்னைக் கடத்தும் உலோகம், ஒளி ஊடுருவாச் சுவர் ஆகிய இந்நான்கு இயல்புகளையும் மனத்திற் கொண்டால், பேணியின் மறுபயன்கள் ஒவ்வொன்றும் இவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ பற்றி நிற்பதைக் காணலாம்.

உரிமைப் பத்திரம் தாங்கிய பேணி

இவ்வியல்புகளுள் முதலிரண்டும் ஒருங்கே பயன்பட்ட சிறந்த எடுத்துக்காட்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியிற் கிடைக்கின்றது. 1872 ஆம் ஆண்டின் பொதுச் சுரங்கச் சட்டம், அரச நிலத்திற் கனிமம் கண்டவர் அந்நிலப்பகுதிக்கு உரிமை கோர வழிசெய்தது. பாறைப் பிளவினூடே செல்லும் கனிமப் படுகைக்கு உரிமை கோருவோர், உச்ச அளவாக 1,500 அடி நீளமும் 600 அடி அகலமும் உடைய நிலத்தைக் கோரலாம். இது ஏறத்தாழ 20 ஏக்கராகும். கோருபவர் அவ்விடத்திற் கற்குவியலொன்றை அமைத்தோ மரக்கம்பமொன்றை நட்டோ, தம் பெயரும் நாளும் நிலத்தின் எல்லையும் குறித்த அறிவித்தற் பத்திரத்தை அங்கே வைப்பது வழக்கம். மாவட்டப் பதிவகத்திலே பதிவு செய்வது அதற்குப் பின்னரே நிகழும்.

மலைச்சரிவில், மழையிலும் பனியிலும் வெயிலிலும் அத்தாள் அழியாதிருத்தல் வேண்டும். எலிகள் கொறிக்கவும் கூடாது. கனிமம் தேடியலைந்தவரின் பையில் இதற்கேற்ற கலமொன்று முன்னமே இருந்தது. ரெனோல்ட்ஸ் நிறுவனம் 1907 இல் அறிமுகஞ் செய்த பிறின்ஸ் அல்பேர்ட் என்னும் சுங்கான் புகையிலை, கீல்மூடியுடைய தட்டையான செந்நிறப் பேணியில் விற்கப்பட்டது. மடித்த தாளொன்று அதனுள் நன்கு அடங்கிற்று. எனவே வெறும் பேணியிற் பத்திரத்தை இட்டுக் கற்குவியலின் நடுவே செருகிவைக்கும் வழக்கம் பரவியது. புகையிலை அடைத்து விற்ற கலம், இருபது ஏக்கர் நிலத்தின் உரிமையைத் தாங்கும் பேழையாயிற்று. பேணியினுள் நீர் புகுந்து தாள் அழியுமாயின், அவ்விடத்தை முதலிற் கண்டவர் யாரென்பதற்குக் களத்திலிருந்த சான்று மறைந்துவிடும். எனவே, மூடியின் இறுக்கம் ஒருவரின் வாழ்க்கைப்பாட்டோடு பிணைந்ததொன்றாயிற்று.

இப்பேணிகள் தொல்லியலாளருக்கும் உதவுகின்றன. தகரக் கலங்களின் பொருத்து முறையும் மூடியமைப்பும் அச்சுப் படமும் காலத்துக்குக் காலம் மாறிவந்தமையால், கைவிடப்பட்ட சுரங்க முகாமொன்றிற் கிடைக்கும் பேணி அம்முகாமின் காலத்தைக் கணிக்கத் துணைபுரிகின்றது. 1907 இல் தோன்றிய வகைப் பேணி காணப்படுமிடத்து, அப்பேணி அவ்வாண்டிற்கு முன்னர் அங்கு வந்திருக்க முடியாதென்பது தெளிவு. நூறாண்டு கடந்த இத்தகைய பொருள்களை அந்நாட்டு அரச நிலங்களிலிருந்து அனுமதியின்றி அகற்றுவதை 1979 ஆம் ஆண்டின் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கின்றது.

போர்வீரரின் பேழையும் உயிர்காப்புப் பேழையும்

பையில் அடங்கும் இறுகிய கலம் போர்வீரருக்கும் வேண்டியதாயிருந்தது. 1914 ஆம் ஆண்டு நத்தாருக்குப் பிரித்தானிய இளவரசி மேரியின் பெயரால் திரட்டப்பட்ட நிதியிலிருந்து படைவீரர்க்குப் பித்தளைப் பேழைகள் வழங்கப்பட்டன. புகைப்போருக்குரியதில் ஓர் அவுன்சு சுங்கான் புகையிலையும் இருபது சிகரெட்டுகளும் இருந்தன. புகையாதோருக்கு எழுதுதாளும் பென்சிலும் அளிக்கப்பட்டன. இந்தியப் படையினருக்கு அவரவர் வழக்கங்களைக் கருதி, கற்கண்டும் வாசனைத் திரவியங்களும் அனுப்பப்பட்டன. உள்ளிருந்தவை தீர்ந்ததும் கடிதமும் நிழற்படமும் சிறுபொருள்களும் வைக்கும் பெட்டியாக வீரர்கள் அப்பேழையைப் பேணினர். இன்று அரும்பொருட் காட்சியகங்களிலும் குடும்பங்களிலும் அவை எஞ்சியிருப்பதற்குக் காரணம் புகையிலையன்று. அதன்பின் அவற்றுள் வைக்கப்பட்ட பொருள்களின் அருமையே.

1986 இல் வெளிவந்த ஜோன் வைஸ்மனின் உயிர்காப்புக் கைந்நூல், புகையிலைப் பேணி போன்ற சிறு கலத்துள் தீக்குச்சி, மெழுகுதிரி, தீக்கல், தூண்டில், திசையறிகருவி, ஊசி நூல், மருந்து முதலியவற்றை அடக்கி எப்போதும் உடன் வைத்திருக்குமாறு அறிவுறுத்துகின்றது. மூடியின் உட்புறத்தைத் துலக்கினால் அது தொலைவிலுள்ளோருக்குச் சைகை காட்டும் ஆடியாகும். மூடிப் பொருத்தைச் சுற்றி ஒட்டுநாடா சுற்றினால் நீர் புகாது. இடைவெளிகளிற் பஞ்சை அடைத்தால் பொருள்கள் ஆடி ஒலியெழுப்பா. தீமூட்டவும் அப்பஞ்சு உதவும். கலத்தின் ஒவ்வோர் இயல்பும் இங்கே ஒரு பயனாக மாறுகின்றது.

ஒளியும் மின்னும்

ஒளி புகாமை என்னும் இயல்பைப் பற்றி நிற்பது ஊசித்துளை ஒளிப்படக்கருவி. பேணியின் உட்புறத்துக்குப் பளபளப்பற்ற கருநிறம் பூசவேண்டும். பக்கச் சுவரிற் சில மில்லிமீற்றர் அகலத்துக்குத் துளையிட்டு, அதன்மேல் ஊசியாற் குத்திய மெல்லிய அலுமினியத் தகட்டை ஒட்டவேண்டும். துளைக்கும் ஒளியுணர்தாளுக்கும் இடைத்தூரம் 50 மில்லிமீற்றராயின், ஊசித்துளையின் விட்டம் ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றராக இருத்தல் நன்று. துளை பெரிதானால் உருவம் மங்கும். மிகச் சிறிதானால் ஒளியின் கோணலால் மீண்டும் மங்கும். இருட்டறையில் தாளை உள்ளே வைத்து மூடி, வெயிலில் அரை நிமிடம் முதற் சில நிமிடம் வரை துளையைத் திறந்துவைத்தால் உருவம் பதியும். வில்லையின்றியே உருவம் தோன்றும் விதத்தை மாணவர் தம் கண்ணாற் காண இதனிலும் எளிய கருவி அரிது.

உலோகத்தின் மின்கடத்துமியல்பை வானொலி விருப்பினர் பயன்கொண்டனர். உலோகப் பேணியுள் அமைக்கப்படும் சுற்று, வெளியிலிருந்து வரும் மின்காந்த இடையூற்றினின்று காக்கப்படுகின்றது. பேணியின் சுவரே புவித்தொடுப்பாகவும் அமைகின்றது. வெள்ளீயப் பூச்சில் நேரே பற்றாசு வைக்கவும் முடிகின்றது. அலுமினியப் பெட்டியில் இவ்வசதி எளிதிற் கிட்டுவதில்லை. 1976 இல் அமெரிக்க வானொலி விருப்பினரின் கியூ.எஸ்.ரி. இதழில் வெளியான சிற்றாற்றல் அனுப்பியொன்று வெறும் மீன்பேணியின்மீதே அமைக்கப்பட்டது. புகையிலைப் பேணியும் இத்தகைய சிறு கருவிகளுக்கு உறையாகி வந்துள்ளது.

பேணி அளவையாகாமை

நமது கருத்தைச் சோதிக்க எதிர்மறை எடுத்துக்காட்டொன்றும் வேண்டும். பர்மாவில் வெறும் பால்பேணி அரிசி அளக்கும் அலகாகவே நிலைபெற்றுள்ளது. எட்டுப் பால்பேணி கொண்டது ஒரு பியி எனப்படும். நம் நாட்டு அடுக்களைகளிலும் பால்பேணி கொண்டு அரிசி அளப்பதை யாவரும் அறிவர். சுங்கான் புகையிலைப் பேணியோ இவ்வாறு அளவையாகவில்லை. காரணம் வெளிப்படை. பால்பேணி ஒரே அளவினதாகப் பெருந்தொகையிற் பரவியது. ஓர் ஊரின் பேணியும் மற்றோர் ஊரின் பேணியும் ஒத்திருந்தன. சுங்கான் புகையிலைப் பேணிகளோ வட்டம், நீள்சதுரம், வளைந்த தட்டை எனப் பலவடிவின, சிலரே வாங்கியவை. அளவைக்கு வேண்டிய ஒருமைப்பாடு அவற்றிடம் இல்லை. சிக்கனமே மறுபயனுக்கு ஒரே காரணமாயின் இரு பேணிகளும் ஒரே தொழிலைச் செய்திருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழாமை பொருளின் இயல்பே தொழிலை வரையறுக்கின்றதென்பதைக் காட்டுகின்றது.

கொள்ளவேண்டிய முன்னவதானம்

மறுபயனுக்கு எல்லையும் உண்டு. பழைய பேணிகளின் பொருத்துகளில் ஈயங் கலந்த பற்றாசு இருக்கலாம். பழைய வண்ணப் பூச்சிலும் ஈயம் இருக்கலாம். உட்புறத்தில் நிக்கொற்றின் எச்சமும் மணமும் தங்கியிருக்கும். ஆதலால் உணவோ மருந்தோ நேரே படுமாறு வைப்பதும், குழந்தைகளுக்கு விளையாடக் கொடுப்பதும், வண்ணம் பூசிய பேணியை அடுப்பிற் சூடாக்குவதும் தகா.

துலக்கும்போது மணலோ உருக்குநாரோ கொண்டு தேய்த்தல் கூடாது. வெள்ளீயப் பூச்சு கீறப்பட்டால், ஈரக்காற்றில் அவ்விடத்து இரும்பு முன்னிலும் விரைவாகத் துருவேறும். நாகப்பூச்சு தான் கரைந்து இரும்பைக் காக்கும். வெள்ளீயமோ முழுதாக மூடியிருக்கும்வரையே காக்கும். இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமுங் கொண்டு கழுவி, உடனே உலர்த்தி, வெளிப்புறத்தில் மெழுகை மெல்லியதாகப் பூசுதல் போதும்.

முடிவுரை

பிளாத்திக்குப் பைகள் பரவியபின் தகரப் பேணியில் விற்கப்படும் புகையிலை குறைந்துவிட்டது. எஞ்சிய பேணிகளைச் சேகரிப்போர் கீறலும் துருவுமற்ற, திறக்கப்படாத பேணியையே பெரிதும் விரும்புகின்றனர். விற்பனையாளர் ஆக்கிய நிலையிலுள்ள பேணிக்கு விலை மிகுகின்றது. மக்கள் கைபட்டுத் துளையிடப்பட்டும் பெயர் கீறப்பட்டும் வண்ணம் மாற்றப்பட்டும் உள்ள பேணி தள்ளப்படுகின்றது. இதனால் வணிக வரலாற்றுக்குச் சான்று பெருக, பயன்படுத்தியோரின் வரலாற்றுக்குரிய சான்று அழிகின்றது. எழுத்தில் தம் வாழ்வைப் பதிந்துவைக்காத கனிமந் தேடுவோர், படைவீரர், கைவினைஞர் ஆகியோரைப் பற்றி அறிய இத்தகைய பொருள்களே சில வேளைகளில் நமக்குள்ள வழியாகும்.

ஈழத்துத் தமிழில் இக்கலத்துக்கு வழங்கும் பேணி என்னும் பெயரின் பிறப்பு யாதாயினும், அது பேணுதல் என்னும் வினையை நினைவூட்டுவது பொருத்தமே. நம் வீடுகளின் பரண்களிலும் தையற்பெட்டிகளிலும் ஆணியும் பொத்தானும் விதையும் தாங்கிய பழம் பேணிகள் இன்றும் உள்ளன. அவற்றைத் துலக்குமுன் உள்ளிருப்பவற்றைப் பட்டியலிட்டு, யார், எப்போது, எதற்காகப் பயன்படுத்தினர் என்பதை மூத்தோரிடம் கேட்டுப் பதிவுசெய்தல் மாணவர் எவருக்கும் இயலுங் காரியம். பேணியைப் பின்னரும் பாதுகாக்கலாம். அதன் கதையை அறிந்தோர் நெடுங்காலம் நம்மிடையே இரார்.