ஜார்ஜ் சிலுவையும் எருமைமறமும்

பகைவன் கண்ணிற்படாத இக்காலப் போரில் உயிர்நீத்த வீரனை எத்துறையுள் அடக்குவது? பீங்கான் தொழிலாற் பெயர்பெற்ற முதுகுன்றத்தில், புறத்திணை பயிலும் மாணவர் ஒருவர் அண்மையில் இங்ஙனம் வினவினார். எனக்கு உடனே நினைவிற்கு வந்தவர் சுபேதார் சுப்பிரமணியன். அவர்க்கு எப்பதக்கம் வழங்கப்பட்டது, எப்பதக்கம் வழங்கப்படவில்லை என்னும் வரலாறு இவ்வினாவோடு நெருங்கிய தொடர்புடையது.

விக்டோரியா அரசியார் 1856 சனவரி 29இல் நிறுவிய விக்டோரியா சிலுவை, பகைவர் முன்னிலையிற் காட்டிய மறத்திற்கே உரியது. வெண்கலத்தால் ஆயதேனும் பிரித்தானியப் படைப் பதக்கங்களுள் அதுவே தலையாயது. இந்திய வீரர் 1911 வரை அதனைப் பெறுதற்கு உரிமை இலராயினர். அவர்க்கெனக் கிழக்கிந்தியக் கும்பெனி 1837இல் மூன்று வகுப்புடைய தனி விருதொன்றை ஏற்படுத்தியிருந்தது. கீழ்வகுப்புப் பெற்றவனே மேல்வகுப்பிற்கு உரியவன் என்பது அதன் பொதுவிதி. ஒரே போரில் இருவர் ஒருங்கு நின்று பொருதாலும், பிறப்பு நோக்கிப் பதக்கம் வேறுபட்ட காலம் அது.

பகைவர் நேர்நில்லா இடத்து நிகழும் அருஞ்செயற்கென ஆறாம் ஜார்ஜ் மன்னர் 1940இல் ஜார்ஜ் சிலுவையை நிறுவினார். இது வெள்ளியால் ஆயது. பொதுமக்கட்கும் படைவீரர்க்கும் ஒப்ப உரியது.

சுப்பிரமணியன் காஞ்சிபுரத்தை அடுத்த கீழோட்டிவாக்கத்தில் 1912இல் பிறந்தவர். 1780இல் தோன்றி, பின்னர் விக்டோரியா அரசியின் பெயரையே தாங்கிய மதராஸ் சாப்பர்ஸ் படையிற் பணியாற்றினார். அப்படையினரைத் ‘தம்பி’ என்றழைப்பது இன்றும் வழக்கு. 1944 பிப்பிரவரி 24ஆம் நாள், இத்தாலியில் காசினோவிற்குத் தென்கிழக்கே மிஞ்ஞானோ என்னும் ஊரருகே, கண்ணிவெடி புதைத்த நிலத்தில் அவருடைய குழு இருந்தது. அங்கே ஒரு வெடி முடுக்கப்பட்டது. செருமானியர் புதைத்த அவ்வகை வெடி மிதித்தவுடன் வெடிப்பதன்று. ஏறத்தாழ நான்கு விநாடி தாழ்த்து, இடுப்பளவு மேலெழுந்து, நூற்றுக்கணக்கான எஃகுக் குண்டுகளை நாற்புறமும் சிதறும். தரையிற் படுத்தவன் தப்பவுங்கூடும். அவரோ தம் உடலால் அவ்வெடியை மூடினார். உடனிருந்தோரைக் காத்துத் தாம் மாய்ந்தார். ஜார்ஜ் சிலுவை அவர் மறைவிற்குப் பின் அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அதனை நேரடியாகப் பெற்ற முதல் இந்தியர் அவரே. வெடியைப் புதைத்தவன் அங்கு இல்லாமையால் விக்டோரியா சிலுவை அவர்க்கு வாய்க்கவில்லை.

இனி, நம் இலக்கணத்திற்கு வருவோம். தும்பைத்திணையில் தார்நிலை, பகைவர் சூழ்ந்த வேந்தனுக்கு ஒரு வீரன் துணையாதலைக் கூறும். சுப்பிரமணியன் காத்தது வேந்தனை அன்று. உடைந்து பின்னிடும் தன் படையின் பின்புறத்தே ஒருவன் தனித்து நின்று தாங்குவதை வெண்பாமாலை எருமைமறம் என்னும். தொல்காப்பியமும் இதனைக் கூறும். பெயர் சிலர்க்கு நகை விளைப்பினும், பெயராது நிற்கும் கடாவின் நிலையே அதன் கருத்தாம். இத்துறையின் உயிர் பகைவனை வெல்லுதலில் இல்லை. தன்னவரைக் காத்தலிலேயே உள்ளது. ஆதலின் சுப்பிரமணியன் செயலை இதனுள் அடக்குதலே பொருந்தும் என்பது என் கருத்து.

“பகைவன் இல்லாத தும்பையா?” என மாணவர் விடவில்லை. வினா நேரியதே. தொல்காப்பியர் கூறாத துறைகள் பலவற்றை ஐயனாரிதனார் வகுத்துள்ளார் என்பதை மட்டும் அவர்க்கு நினைவூட்டினேன்.