வேலியும் கரையும்: சேலையூரை முன்னிட்டுத் தாம்பரத்தின் வளர்ச்சி வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

சென்னைக்குத் தெற்கே ஏரிப்பாசன ஊர்களின் தொகுதியாக இருந்த தாம்பரம் வட்டாரம் ஒரு நூற்றாண்டுக்குள் மாநகராட்சியாக உயர்ந்துள்ளது. இவ்வளர்ச்சியில் நிறுவனங்கள் வேலியிட்டுக் காத்த நிலமும், ஊரார் பொதுவில் பேணிய ஏரியும் வெவ்வேறு கதியை அடைந்தன. சேலையூரை மையமாகக் கொண்டு அவ்வேறுபாட்டின் காரணத்தையும் விளைவையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தாம்பரம், சேலையூர், ஏரி, ஆயக்கட்டு, கலங்கல், ஊர்ப்பெயர், நகராக்கம்.

முன்னுரை

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் இணைக்கப்பட்டு, 2021 நவம்பரில் 70 வார்டுகள் கொண்ட தாம்பரம் மாநகராட்சி உருவானது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பல்லாவரம் நகராட்சியில் 2,15,417 பேரும் தாம்பரம் நகராட்சியில் 1,74,787 பேரும் வாழ்ந்தனர். மக்கள்தொகையிலும் தொன்மைச் சான்றுகளிலும் பல்லாவரமே முந்தி நிற்க, மாநகருக்குத் தாம்பரத்தின் பெயர் அமைந்தது. இருப்புப்பாதையும் 20-ஆம் நூற்றாண்டு நிறுவனங்களும் தாம்பரத்திற்கு அளித்த முதன்மை இப்பெயரில் வெளிப்படுகிறது.

அந்நிறுவனங்கள் பரவிய நிலத்தின் பழைய இயல்பு என்ன, அவ்வியல்பில் எது எஞ்சியது, எது சிதைந்தது என்பவை இங்கு ஆராயப்படும் வினாக்கள். கிழக்குத் தாம்பரத்தை அடுத்துள்ள சேலையூரில் கல்லூரிக் காடு, விமானப்படை நிலையம், பல்கலைக்கழகம், பழைய ஏரி ஆகிய அனைத்தும் அருகருகே அமைந்திருப்பதால், அவ்வூர் இவ்வாய்வுக்கு ஏற்ற களமாகிறது.

தொன்மைச் சான்றுகள்

1863 மே 30 அன்று இராபர்ட் புரூசு பூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவி, இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கப் புள்ளியாகக் கருதப்படுகிறது. அதே ஊரில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அலெக்சாந்தர் ரீ சுடுமண் ஈமப்பேழையைக் கண்டறிந்தார். முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப்பெயர்கள் பொறிக்கப்பட்ட குடைவரையும் பல்லாவரக் குன்றில் உண்டு. இன்று அது இசுலாமியர் வழிபடும் இடமாக விளங்குகிறது.

மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயில் சோழர் காலக் கற்றளியாகும். அதன் கருவறை பின்புறம் வளைந்த தூங்கானை மாட வடிவில் அமைந்தது. இக்கட்டடக் கலைச்சொல்லை ஊர்ப்பெயரோடு பொருத்திக் காணும் ஆர்வம் எழுவது இயல்பே. எனினும் ஒலியொப்புமை ஒன்றே ஊர்ப்பெயர் ஆய்வில் சான்றாக நிற்காது. வைணவத் திவ்விய தேசங்களுள் ஒன்றான திருநீர்மலையில் அடிவாரத்தில் நீர்வண்ணரும் மலைமேல் அரங்கநாதரும் எழுந்தருளியுள்ளனர். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததென்றும், நீர் வடியும்வரை அவர் காத்திருந்து வழிபட்டாரென்றும் தலமரபு கூறும். மழைக்காலத்தில் நீர் பரந்து நிற்கும் நிலமாக இவ்வட்டாரத்தை முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்கு இம்மரபு ஒரு நினைவுச் சான்றாகும்.

ஏரியின் இயக்கம்

தொண்டைமண்டலத்தின் இப்பகுதியில் ஆண்டு முழுதும் நீரோடும் பேராறு இல்லை. வடகிழக்குப் பருவமழையின் சில வார நீரைத் தேக்கி வைப்பதே வேளாண்மைக்கு வழியாயிற்று. வரத்துக்கால் வழியே வரும் நீரைக் கரை தேக்கும். மதகு வழியே அது ஆயக்கட்டு நிலத்திற்குப் பாயும். மிகுதி கலங்கல் வழியே கீழுள்ள ஏரிக்குச் செல்லும். இவ்வாறு ஒன்றன்கீழ் ஒன்றாக ஏரிகள் சங்கிலிபோல் பிணைந்திருந்தன. சேலையூர், இராசகீழ்ப்பாக்கம் ஏரிகளின் மிகைநீர் செம்பாக்கம் ஏரியை அடைந்து, நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளின் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் கலக்கும். மேற்குத் தாம்பரப் பகுதியின் நீரோ அடையாற்றை நோக்கிச் செல்லும். எனவே தாம்பரம் இரு வடிநிலங்களுக்குரிய ஊராகும்.

இவ்வமைப்பு மனித உழைப்பால் நிலைபெற்றது. செங்கற்பட்டு வட்டாரத்தை அடுத்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. ஏரியைக் கண்காணிப்பது ஊராட்சியின் தனிப்பொறுப்பாக இருந்ததை இவை காட்டுகின்றன. கரையை உயர்த்துதல், வண்டல் வாருதல், வரத்துக்காலைச் செப்பனிடுதல் ஆகிய பணிகள் பிற்காலத்தில் குடிமராமத்து எனப்பட்டன. ஏரியின் பயனை நுகர்ந்த உழவரே அதன் காவலராகவும் இருந்தனர். இதனுள் ஒரு நுட்பம் அடங்கியுள்ளது. கோடைக்குள் ஆயக்கட்டு ஏரிநீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் அடுத்த மழை வருவதற்குள் ஏரியின் வயிறு வெறுமையாகியிருக்கும். அவ்வெறுமையே வெள்ளத்தை ஏற்கும் இடமாகும்.

நிறுவனங்களின் வருகை

சென்னையின் நெரிசலுக்கு அப்பால் பரந்த நிலமும் தூய காற்றும் இருந்தமையும், நகரோடு இணைக்கும் இருப்புப்பாதை அமைந்திருந்தமையும் தாம்பரத்தை நோக்கி நிறுவனங்களை ஈர்த்தன. 1928-இல் மருத்துவர் தாவீது சௌரிமுத்து இங்குக் காசநோய் மருத்துவமனை ஒன்றை நிறுவினார். இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் இல்லத்தை நடத்திய பட்டறிவு அவருக்கு இருந்தது. கணித மேதை இராமானுசன் இங்கிலாந்தில் நோயுற்றபோது அவ்வில்லத்தில் சிலகாலம் தங்கியிருந்தார். காசநோய்க்கு மருந்து கண்டறியப்படாத அக்காலத்தில் காற்றும் ஓய்வும் ஊட்டமும் மட்டுமே மருத்துவமாகக் கருதப்பட்டன. ஆகவே ஊருக்கு ஒதுங்கிய நிலம் மருத்துவத் தேவையாயிற்று. 1937-இல் அரசு அம்மருத்துவமனையை ஏற்றது.

1931-இல் சென்னைக் கடற்கரை–தாம்பரம் மீட்டர் பாதையில் மின்தொடர் வண்டிகள் ஓடத் தொடங்கின. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவை நாள்தோறும் சென்றுவரத்தக்க தொலைவாக இவ்வசதி மாற்றியது. தாம்பரம் குடியிருப்பு நகராவதற்கு அடித்தளம் இட்டது இதுவே.

1837-இல் பள்ளியாகத் தோன்றிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி நூறாண்டு கழித்து, 1937-இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. பரிதிமாற்கலைஞர் தமிழ் பயிற்றுவித்தது அக்கல்லூரி நகரின் நடுவே இயங்கிய காலத்திலாகும். புதிய வளாகம் சேலையூர்க் காட்டுப்பகுதியில் 365 ஏக்கர் பரப்பில் அமைந்தது. கட்டடங்களைச் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த என்றி சேட்டி வடிவமைத்தார். விடுதிகளுள் ஒன்று சேலையூர் இல்லம் எனப் பெயர் பெற்றமையால், ஊரின் பெயர் கல்லூரி வாழ்வினுள்ளும் நிலைத்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்சும் அவர் துணைவியார் ஆலிசும் மரங்களை நட்டு, புதர்க்காட்டைப் பேணினர். புள்ளிமான்கள் திரியும் இன்றைய கல்லூரிக் காடு அத்தகைய தொடர்ந்த காவலின் பயனாகும். 1938 திசம்பரில் உலகக் கிறித்தவ மறைப்பணி மன்றத்தின் மாநாடு இவ்வளாகத்தில் நடைபெற்றது. அதன்பின் சமய வரலாற்று நூல்களில் ‘தாம்பரம்’ என்பது ஒரு மாநாட்டின் பெயராகவும் வழங்கலாயிற்று.

1948-இல் அம்பாலாவில் தொடங்கிய விமானப் பயிற்றுநர் பள்ளி, 1954-இல் தாம்பரம் விமானப்படை நிலையத்திற்கு வந்தது. 1984-இல் ஏற்றுமதிச் செயலாக்க மண்டலம் தாம்பரத்திலும், பின்னர்ப் பாரத் பல்கலைக்கழகமாக வளர்ந்த பொறியியல் கல்லூரி சேலையூரிலும் தோன்றின. 2005-இல் தேசியச் சித்த மருத்துவ நிறுவனம் சானடோரியத்தில் திறக்கப்பட்டது. காற்றை நாடி வந்த மேலை மருத்துவத்தின் அருகிலேயே தமிழ் மருத்துவத்தின் உயர்கல்வி நிறுவனமும் இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது.

தொழிலும் ஊர்ப்பெயரும்

பொருளியல் மாற்றத்தின் படிநிலைகளை இவ்வட்டார ஊர்ப்பெயர்கள் காட்டுகின்றன. சேலையூர், பெருங்களத்தூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், இராசகீழ்ப்பாக்கம் ஆகியவை ஊர், பாக்கம் என முடியும் பழைய குடியிருப்புப் பெயர்கள். குரோம்பேட்டை, குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையின் வழி அமைந்த பெயர். அதில் ஆங்கில வேதியியற் சொல்லும் வணிக இடத்தைக் குறிக்கும் தமிழ்ச்சொல்லும் இணைந்துள்ளன. ‘சானடோரியம்’ என்ற மருத்துவச்சொல் தொடர்வண்டி நிலையத்தின் பெயராகி, இன்று நோயின் நினைவின்றி வெறும் இடப்பெயராக வழங்குகிறது. ஏற்றுமதி மண்டலத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் ஆன ‘மெப்ஸ்’ என்பதும் பேச்சுவழக்கில் ஊர்ப்பெயர்போல் ஆளப்படுகிறது. மனைப்பிரிவுகளாக மாறிய வயல்களுக்கு ‘நகர்’ என்னும் ஈறு பெருவழக்காயிற்று. ஊர், பாக்கம், பேட்டை, நகர் என்னும் இவ்வரிசையில் உழவு, ஆலைத்தொழில், குடியிருப்பு ஆகியவை அடுத்தடுத்துப் பதிவாகியுள்ளன.

பழந்தொழில்கள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. அனகாபுத்தூர் நெசவாளர் ஒருகாலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவிற்கு ஏற்றுமதியான ‘மெட்ராசு கைக்குட்டை’த் துணியை நெய்தனர். அச்சந்தை சுருங்கியபின் வாழைநார் உள்ளிட்ட இயற்கை இழைகளில் சேலை நெய்யும் முயற்சி அங்குத் தோன்றியது. ஏற்றுமதி மண்டலத்தின் ஆடை, மின்னணு ஆலைகள் பெண்களுக்கு மிகுதியான வேலைவாய்ப்பை அளித்தன. உழவு ஒன்றையே நம்பிய ஊர்கள் மாதச் சம்பளத்தை நம்பும் குடியிருப்புகளாயின. ஏரிக்கும் ஊராருக்கும் இருந்த வாழ்வாதாரப் பிணைப்பு இங்கேதான் அறுந்தது.

ஆயக்கட்டு இழந்த ஏரி

நிறுவன நிலத்திற்கு உரிமையாளர் உண்டு, வேலி உண்டு, காவல் உண்டு. அதனால் கல்லூரிக் காடும் விமானப்படை வெளியும் மருத்துவமனைத் தோப்பும் பெருமளவு எஞ்சின. ஏரிக்கு அத்தகைய காவல் ஆயக்கட்டு உழவர்களிடமிருந்தே கிடைத்தது. வயல் மனையானவுடன் மதகு பயனிழந்தது. வரத்துக்கால் தெருவாகவும் சாக்கடையாகவும் திரிந்தது. வண்டல் வாருவோர் இல்லாமற் போயினர்.

இதனால் ஏரியின் பருவச் சுழற்சியும் தலைகீழாயிற்று. குடியிருப்புகளின் கழிவுநீர் ஆண்டு முழுதும் வந்து சேர்வதாலும் பாசனத்திற்கு நீர் எடுப்பார் இன்மையாலும் கோடையிலும் ஏரி நிறைந்தே காணப்படும். மழை வரும்போது அதை ஏற்க இடமிராது. மிகைநீர் உடனே கலங்கலைக் கடக்கும். கலங்கலின் கீழ்ப்போக்கும் அடைபட்டிருந்தால் வெள்ளம் வீடுகளுக்குள் புகும். ஆகவே நிறைந்த ஏரியைக் கண்டு அது நலமாக உள்ளதென முடிவு செய்வது பொருந்தாது. 2015 திசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணிநேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அடையாற்று வடிநிலத்தைச் சேர்ந்த முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகள் நீரில் மூழ்கின. அத்துணைப் பெருமழையை எந்த ஏரியும் முழுதும் தடுத்திருக்க இயலாது. எனினும் நீர் தங்கவும் ஓடவும் உரிய இடங்களை இழந்த நிலத்தில் துயரம் பன்மடங்காயிற்று.

செம்பாக்கம் ஏரியில் அண்மையில் மேற்கொள்ளப்பட்ட சீரமைப்பில் நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் ஆகிய அமைப்புகளும் சென்னை ஐ.ஐ.டி.யும் பங்கேற்றன. ஏரிச்சங்கிலியின் முடிவிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஆயினும் சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் செப்பனிடுவது போதாது. சேலையூரில் கலக்கும் கழிவு செம்பாக்கத்தைக் கடந்து பள்ளிக்கரணையைச் சேரும். நாராயணபுரத்தில் அடைபடும் நீர் மேலுள்ள ஊர்களில் தேங்கும்.

முடிவுரை

தாம்பரத்தின் வளர்ச்சியை இருப்புப்பாதை, கல்லூரி, மருத்துவமனை, ஏற்றுமதி மண்டலம் ஆகியவற்றின் வரலாறாக மட்டும் கூறினால் அது பாதி வரலாறே ஆகும். அந்நிறுவனங்கள் நாடி வந்த வெளியும் காற்றும் நீரும் ஏரிகளோடு இயைந்த நிலவமைப்பின் கொடையாகும். வேலியால் காக்கப்பட்டது எஞ்சியது. பொதுவால் காக்கப்பட்டது, பொதுமை குலைந்தபோது நலிந்தது.

2021-ஆம் ஆண்டின் இணைப்பு இவ்வகையில் முதன்மை பெறுகிறது. அதுவரை சேலையூர் ஏரி தாம்பரம் நகராட்சியிலும், இராசகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகள் செம்பாக்கம் நகராட்சியிலும், கீழ்க்கட்டளை ஏரி பல்லாவரம் நகராட்சியிலும் இருந்தன. ஒரே நீர்வழியை வெவ்வேறு அலுவலகங்கள் பங்கிட்டிருந்த நிலை மாறி, அவ்வழியின் பெரும்பகுதி இன்று ஒரே மாநகராட்சியின் எல்லைக்குள் வந்துள்ளது. முடிவிலுள்ள சதுப்புநிலம் சென்னை மாநகராட்சியைச் சார்ந்திருப்பதால் இரு மாநகராட்சிகளும் இணைந்து செயற்படுவது இன்றியமையாதது. உழவர் இல்லாத ஊரில் ஏரி வாரியத்தின் பணியை ஆற்றுவோர் யார் என்பதே சேலையூர் முன்வைக்கும் வினா. கழிவுநீரை வரத்துக்காலிலிருந்து பிரித்து, மழைக்கு முன் ஏரியின் வயிற்றை வெறுமையாக்கி வைக்கும் பொறுப்பைக் குடியிருப்போரும் மாநகராட்சியும் ஏற்பதே அவ்வினாவிற்கு உரிய விடையாக அமையும்.