பிரிட்டனின் ‘பாத்ஃபைண்டர்’: வேவு பார்க்கப் போன கப்பலே சிக்கியது எப்படி?

முன்னால் ஓடிப்போய் எதிரி எங்கே இருக்கிறான்னு பார்த்துச் சொல்லணும். 1904-ல் கடலில் இறக்கப்பட்ட பிரிட்டன் கடற்படையின் ‘பாத்ஃபைண்டர்’ கப்பலுக்கு இதுதான் வேலை. ‘ஸ்கவுட் குரூசர்’ எனப்படும் இந்த வேவுக் கப்பலுக்குக் கனத்த கவசமெல்லாம் கிடையாது. 25 நாட் வேகம்தான் பாதுகாப்பு. அதாவது, மணிக்குச் சுமார் 46 கி.மீ.

ஆனால் 1914 செப்டம்பர் 5 அன்று, நிலக்கரித் தட்டுப்பாட்டால் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆப்ஸ் ஹெட் அருகே வெறும் 5 நாட் வேகத்தில் ரோந்து போய்க்கொண்டிருந்தது. சைக்கிளே முந்திவிடும்! ஜெர்மனியின் யு-21 நீர்மூழ்கி விட்ட ஒரே டார்பிடோ பட்டு, வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்க, 250-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

நீர்மூழ்கி மூழ்கடித்த முதல் போர்க்கப்பல் இதுவா? இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864-லேயே ‘ஹன்லி’ அதைச் செய்துவிட்டது, கம்பு முனையில் கட்டிய வெடிகுண்டை வைத்து. நீர்மூழ்கியிலிருந்து தானாகப் பாய்ந்துபோன டார்பிடோவுக்குப் பலியான முதல் போர்க்கப்பல்தான் பாத்ஃபைண்டர்.

கண்ணிவெடியில் சிக்கியதாகத்தான் முதலில் அறிவித்தார்கள். ஆனால் கரையில் இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு அப்போது 20 வயது. வெடித்தெழுந்த வெண்புகையை நேரில் பார்த்த அவர், நீர்மூழ்கி மீதே சந்தேகம் இருப்பதாகக் கடிதத்தில் எழுதினார்.

சரியாக 17 நாள் கழித்து, யு-9 என்ற இன்னொரு நீர்மூழ்கி மூன்று பிரிட்டிஷ் குரூசர்களை ஒரே காலையில் மூழ்கடித்தது. அவையும் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தன.